பாம் கையடக்கக் கணினியை ஐஆர் (அகச்சிவப்பு ஒளி) வழியே, வயரில்லாமல், பிசியோடு ஹாட்சிங்க் (தகவல் ஒத்திசைவு) செய்த அனுபவம் உண்டா?

ஸ்டைலஸ்:
2001-ல் நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அப்பாவை மருத்துவமனையில் சேர்த்து 11 நாள். சர்க்கரை அளவு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, டாக்டர் என்ன சொன்னார், எல்லாம் என் பாம் விஎக்ஸில் மெமோவாக இருந்தது. கிரேடில் (சார்ஜ் ஏற்றி, பிசியோடு இணைக்கும் தாங்கி) வீட்டில் கிடந்தது, வீடு ஓர் இரவுப் பயணம். பேட்டரி அடிமட்டம். சார்ஜ் தீர்ந்தால் ரேமில் உள்ளது அத்தனையும் போய்விடும், உங்களுக்கே தெரியும்.

ஆபீஸ் லேப்டாப் கையில் இருந்தது, விண்டோஸ் 98. ஜன்னலோரக் கட்டிலில் இரண்டையும் எதிரெதிரே வைத்து ஹாட்சிங்கைத் தட்டினேன். டேட் புக் (நாட்காட்டி) ஓடியது, நடுவில் அறுந்தது. மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை அம்மா ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்து, முந்தானையை விரித்து வெயிலுக்கும் பாமின் சின்னக் கறுப்பு ஐஆர் கண்ணாடிக்கும் நடுவே பிடித்தார். திரையில் மெமோ பேட் என்று வந்தது. கை வலித்திருக்கும். முடிகிற வரை அவர் துணியை இறக்கவில்லை.

காம்4:
வெயில்மேல் பழி போடாதீர்கள். மெத்தையில் வைத்தால் கருவி சாயும். ஐஆர்டிஏ (ஐஆர் தொடர்புக்கான தரம்) ஒளி நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 15 டிகிரிதான் விரியும், தூரமும் 1 மீட்டருக்குள். அம்மா வந்த நேரத்தில் நீங்கள் நேராக வைத்திருப்பீர்கள்.

என் கதை சின்னது. ஓஎஸ் 3.3 ஏற்றிய பாம் III, ஒரு மணி நேரம் இணையவே இல்லை. பிசியில் உள்ள ஹாட்சிங்க் மேனேஜரில் தப்பான போர்ட் (இணைப்பு வாசல்). அதனால் சொல்கிறேன்: முதலில் பயோஸில் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) ஐஆர் திறந்திருக்கிறதா, ஐஆர்டிஏ முறையில் இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 98 என்றால் கன்ட்ரோல் பேனலில் இன்ஃப்ராரெட்டைத் திறந்தால் எந்த மெய்நிகர் காம் போர்ட் என்று காட்டும், பெரும்பாலும் காம்4. அதைத்தான் ஹாட்சிங்க் மேனேஜரில் கொடுக்க வேண்டும், நிஜ போர்ட்டை அல்ல. வேகம் வினாடிக்கு 115,200 பிட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். விண்டோஸ் 2000-ல் அந்த மெய்நிகர் போர்ட்டே கிடையாது, ஐஆர்காம்2கே டிரைவர் போட வேண்டும். அப்புறம், பாமில் 'ஐஆர் டு எ பிசி' தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், கிரேடில் என்றே விட்டுவிடுவார்கள் பலர்.

பென்குயின்:
காம்4 சொல்வதை ஏற்க முடியாது. ஐஆர்டிஏ ஒளி 850 முதல் 900 நானோமீட்டர். அதே அலைநீளம் வெயிலிலும் கொட்டுகிறது, உணரி திணறிப் போகும். நான் லினக்ஸில் ஐஆர்அட்டாச், பைலட்-லிங்க் என்ற நிரல்களை வைத்து ரயில் நிலைய பெஞ்சில் பகல் முழுக்க முயன்றேன், ஒரு பெயர்கூட இறங்கவில்லை. ராத்திரி ரயிலில் விளக்கை அணைத்த பிறகு, மேல் படுக்கையில் முதல் தட்டிலேயே முழு முகவரிப் புத்தகமும் இறங்கியது. 2018-ல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.17 பதிப்பிலிருந்து ஐஆர்டிஏவை எடுத்துவிட்டார்கள். அதற்காகவே ஒரு பழைய லேப்டாப்பை அப்டேட் செய்யாமல் வைத்திருக்கிறேன்.

ஸ்டைலஸ்:
காம்4, போர்ட் தப்பாக இருந்தால் டேட் புக் ஓடியிருக்குமா? மெத்தைமேலும் வைக்கவில்லை. கட்டிலுக்குக் குறுக்கே சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகை இருக்குமே, அதில். நான் எதையும் நகர்த்தவில்லை.

மறுநாள் காலை பாம் இருட்டாகிவிட்டது. டாக்டர் வந்து ஒன்பதாம் நாள் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். லேப்டாப்பைத் திறந்து வாசித்தேன், அம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.