நீலகிரியில் டிராக்குக்கென்று கார் கட்டி, கோவை செட்டிப்பாளையத்தில் ஓட்டுபவர்களின் அனுபவங்கள்

ஃபெர்ன்ஹில், ஊட்டி

எங்களுடையது மாருதி ஜென் கார். உள்ளே இருப்பது அதே கம்பெனியின் எஸ்டீம் காரின் எஞ்சின். நீலகிரியில் இதே ஜோடியைக் கட்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் எழுத வேண்டும். ஜென்னின் சொந்த எஞ்சின் 993 சிசி, 50 குதிரைத்திறன். எஸ்டீமின் பழைய 8 வால்வு கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் கருவி) எஞ்சின் 1298 சிசி, 65 குதிரைத்திறன். இரண்டும் சுசுகியின் ஜி வரிசையில் பிறந்தவை. அதனால் கியர்பாக்ஸோடு சேர்த்து வாங்கி, மவுண்டிங்கையும் ஆக்சிலையும் சரிபார்த்துவிட்டால் எஞ்சின் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். முக்கால் டன் எடையுள்ள காருக்கு அந்த 15 குதிரை பெரிய வித்தியாசம்.

கோவை வட்டாரத்துக்கு இந்த வேலை புதிதல்ல. மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தவர் கரிவர்தன். செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தய டிராக் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நாங்கள் ஓட்டுவதும் அங்கேதான். ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

மலையில் கட்டுபவர்களுக்கு உண்மையான சவால் உயரம். ஊட்டி 2240 மீட்டர், கோவை 400 மீட்டர் சொச்சம். இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது. கம்பெனி ஜெட்டோடு (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை) ஓட்டினால் புகை கறுக்கும், பொறி தரும் பிளக்கில் கரி பிடிக்கும். ஆகவே இங்குள்ள மெக்கானிக்குகள் சிறிய ஜெட் போட்டு, பிளக்கில் பொறி விழும் டைமிங்கையும் சற்று முன்னே தள்ளி வைப்பார்கள். ஊருக்குள் ஓட்ட அது அருமையான செட்டிங். அதே செட்டிங்கோடு செட்டிப்பாளையத்தின் நேர்பாதையில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். காற்று கனத்துவிடும், பெட்ரோல் போதாது, கலவை நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டத் தொடங்கும். அந்தத் தட்டலைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். மேலே நன்றாக ஓடிய வண்டிதானே என்ற தைரியத்தில் இறங்கி, எஞ்சினைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் எங்களிடம் இரண்டு ஜெட் செட் உண்டு. மாத்திரை டப்பாக்களில் ‘மேல்’, ‘கீழ்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். டிராக்கில் முதல் வேலை ‘கீழ்’ ஜெட்டை மாட்டி, டைமிங்கைப் பின்னே இழுப்பது. எஞ்சின் சூடான பிறகு, டிராக்கின் பாதுகாப்பைப் பார்க்கும் மார்ஷலிடம் முன்பே சொல்லிவிட்டு, நேர்பாதையில் முழு மிதியில் போய், கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வண்டி உருண்டபடியே ஓரத்துக்கு வந்து நிற்கும். எஞ்சினை ஓடவிட்டே உள்ளே கொண்டுவந்தால் பிளக்கின் நிறம் மாறிவிடும். அப்புறம் பார்த்துப் பயனில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றுவோம். பீங்கான் மூக்கு பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. கறுத்து, விரலில் கரி ஒட்டினால் ஜெட் பெரிது. வெளுத்திருந்தால் சிறிது. வெளுப்பின் மேல் மினுமினுக்கும் சிறு புள்ளிகள் தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். அவை பிஸ்டனிலிருந்து கிளம்பிய அலுமினியம்.

இன்னொன்று: ஜென்னின் சிறிய ரேடியேட்டர் ஊட்டிக் குளிருக்குத் தாங்கும், கோவையின் ஏப்ரல் வெயிலுக்குத் தாங்காது. எஸ்டீமின் ரேடியேட்டரையே போடுங்கள்.

கோத்தகிரி

அண்ணா, நீங்கள் பிரேக்கைப் பற்றி எழுதவில்லை. என் அனுபவத்தில் மலைக்காரர்களின் காரை டிராக்கில் முதலில் கைவிடுவது அதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் மூடுபனியும் மழையும் மாறி மாறி நிற்கும். கார் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் தர அளவின்படியே அது 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டிராக்கில் பிரேக் அந்தச் சூட்டை எளிதில் தொட்டுவிடும். ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு முன் புது ஆயில் மாற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக்கிலும் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றிவிடுகிறேன். பாதி தீர்ந்த டப்பாவில் மிஞ்சிய ஆயிலை வைத்துக்கொள்வதில்லை.

மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்தவும் கூடாது. பின் டிரம்மில் பிரேக் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தாலே போதும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டிராக்குக்கென்று கட்டிய காரை மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். லாரியில் ஏற்றுங்கள். அந்தப் பாதையில் பள்ளிப் பிள்ளைகளும் யானைகளும் வருகின்றன.

கூடலூர்

என்னுடையதும் ஜென்தான், ஆனால் உள்ளே எஸ்டீமின் 16 வால்வு எம்பிஎஃப்ஐ எஞ்சின் (கார்புரேட்டருக்குப் பதில் கணினி பெட்ரோலைப் பீய்ச்சும் வகை), 85 குதிரைத்திறன். ஜெட் மாற்றும் வேலையே இல்லை. காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் இருப்பதால் பெட்ரோல் அளவைக் கணினியே உயரத்துக்கேற்ப மாற்றிக்கொள்கிறது. மாறாக, வயரிங் உயிரை வாங்கும். எஸ்டீமின் வயர்கட்டு முழுவதையும் வாங்கினால்தான் ஒழுங்காக முடியும். வெட்டி ஒட்டிய வயர் எங்கள் மழைக்குத் தாங்காது. சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு வண்டி நடுவே நடுவே மூச்சடைத்து நின்றது. கனெக்டரைப் பிரித்தால் செம்புப் பின்கள் பச்சை பூத்திருந்தன. சுத்தம் செய்து, ஈரம் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவிய பிறகு நிற்கவில்லை. கணினிப் பெட்டியையும் தரையிலிருந்து எடுத்து டாஷ்போர்டுக்கு அடியில் உயரமாக மாட்டிவிட்டேன்.

ஃபெர்ன்ஹில், ஊட்டி

கோத்தகிரித் தங்கைக்கு நன்றி. ஹேண்ட் பிரேக் விஷயம் ஊட்டியிலும் அப்படியேதான். கூடலூர் நண்பருக்கு ஒரு கேள்வி: எம்பிஎஃப்ஐக்குத் தேவையான பெட்ரோல் பம்பை டேங்குக்கு உள்ளே வைத்தீர்களா, வெளியிலா? கார்புரேட்டர் ஜென்னின் டேங்கில் அதற்கு இடமில்லை. அடுத்த எஞ்சினாக 16 வால்வை எடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். பம்ப் பொருத்திய இடத்தைப் படம் எடுத்துப் போட்டால் இங்குள்ள லேத் பட்டறையில் காட்டி அளவெடுத்துக்கொள்வேன்.