மறுமொழி: பான் பெர்தூ கட்டுரையில் ‘உலர் ரொட்டி’ சரியா?

> பிரெஞ்சு ஸ்வீட் பான் பெர்தூ (பால்-முட்டையில ஊறவச்சு வெண்ணெய்ல சுடுற ரொட்டி) கட்டுரையில ஸ்டேல் பிரெட்டுக்கு, அதாவது பழசாகி இறுகின ரொட்டிக்கு, ‘உலர் ரொட்டி’ன்னு போட்டிருக்கேன். ஆட்சேபணை உண்டா?

உண்டுங்க. உலர் ரொட்டின்னா ரஸ்க்குன்னு தான் படிக்கிறவங்க நினைப்பாங்க. ரஸ்க் வேணும்னே ரெண்டாவது தடவை ஓவன்ல போட்டு ஈரத்த எடுத்தது. பான் பெர்தூவுக்கு எடுக்கிறது நேத்து மிஞ்சின பாகெட் (நீளமான பிரெஞ்சு ரொட்டி), இல்லன்னா பிரியோஷ் (வெண்ணெயும் முட்டையும் சேர்த்த மெத்து ரொட்டி). அத காத்து புகாம கவர்ல சுத்தி வச்சாலும் கெட்டியாகத் தான் செய்யும், ஏன்னா வெந்த மாவுச்சத்து ஆறினதும் திரும்ப படிகமா இறுகிக்குது, ஃபிரிட்ஜ்ல வச்சா அது இன்னும் வேகமா நடக்கும். 60 டிகிரிக்கு மேல சூடு காட்டினா கொஞ்ச நேரம் இளகிடும். வெறுமனே காஞ்சதா இருந்தா சூட்டுல இளகுமா, இன்னும்ல காயும்?

பிரான்ஸ்ல 1993 அரசாணைப்படி ‘ட்ரடிசியோன்’னு (பாரம்பரிய ரொட்டின்னு) பேர் போட்டு விக்கிற ரொட்டியில மெத்துன்னு வச்சிருக்கிற சேர்க்கைப் பொருள் எதுவும் போடக் கூடாது, அதனால காலைல வாங்கின பாகெட் மறுநாளே கட்டை மாதிரி ஆயிடும். ஆனா இந்தப் பண்டம் அந்த ஆணைக்கு ரொம்ப முந்தியே உண்டு, மிஞ்சின ரொட்டிய வீணாக்காம இருக்கத் தான்.

ஃப்ரெஷ் ரொட்டிய பாலில போட்டா கூழாயிடும், இறுகினது தான் பிய்யாம உறிஞ்சும். ஒரு விரல் கனத்துக்கு வெட்டி, 250 மில்லி பால், 2 முட்டை, 2 ஸ்பூன் சர்க்கரை அடிச்ச கலவையில ரெண்டு பக்கமும் ஊற வச்சு (பாகெட்டுக்கு நேரம் கூட வேணும், பிரியோஷ் சட்டுனு குடிச்சிடும்), வெண்ணெய்ல மிதமான தீயில செவக்க எடுக்கணும். தீ அதிகமானா மேல கருகும், உள்ள முட்டை பச்சையா நிக்கும்.

ஆகவே கலைச்சொல்லும் அந்த இறுக்கத்த சொல்லணும். முந்தின மடல்ல வந்த ‘ஊசின ரொட்டி’ கெட்டுப்போன சாம்பாருக்கு சொல்றது. ‘நமத்த’ நேர் எதிர், அது ஈரம் ஏறின முறுக்கு. ஃபிரிட்ஜ்ல வச்ச சோத்த ‘வெறச்சுப் போச்சு’ன்னு சொல்றோமே, அங்கயும் இதே மாவுச்சத்து தான் இறுகுது. என் பரிந்துரை: விறைத்த ரொட்டி. நிகழ்வுக்கு ரொட்டி விறைப்பு.

> விறைப்புன்னா பொணம் ஞாபகம் வருதே சார்!

மார்கழிக் குளிர்ல கையும் தானே விறைக்குது, விடுங்க.

> பெர்தூன்னா ‘இழந்த’. தலைப்ப ‘இழந்த ரொட்டி’ன்னு மாத்தலாமா?

வேண்டாம். பண்டத்தோட பேர யாரும் மொழிபெயர்க்கிறதில்ல, அல்வாவ அல்வான்னே தான் தின்னுறோம். அர்த்தத்த முதல் வரியில சொன்னா போதும். ஆனா நம்மூர் ‘பாம்பே டோஸ்ட்’டுக்கு ஒரு வழிமாற்று (அந்தப் பேர்ல தேடினாலும் இந்தக் கட்டுரைக்கே கொண்டு வர்ற இணைப்பு) கட்டாயம் வைங்க, நம்மாளுங்க தேடுறது அந்தப் பேர்ல தான்.

வேற மறுப்பு வரலன்னா நானே மாத்திடறேன். ‘உலர் ரொட்டி’ ரஸ்க்குக்கே இருக்கட்டும்.