ஏர் ரைபிளுக்குச் சொந்தமாகக் காற்று நிரப்பினால் மிச்சமாகுமா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்க. மூணு பேர் சேர்ந்து 12 லிட்டர், 300 பார் (பார்னா அழுத்த அளவு) காற்று டேங்க் வாங்கலாமா, சின்ன கம்ப்ரஸரே வாங்கிடலாமா?

டேங்க் கணக்கு இதுதான். 0.2 லிட்டர் ரைபிள் சிலிண்டரை 80 பாரிலிருந்து 200-க்கு ஏத்த, டேங்கில் சுமார் 2 பார் இறங்கும். 300 பார் 200-க்கு வர, காகிதத்தில் 50 தடவை நிரப்பலாம். 200 பாருக்கு மேல் காற்று அவ்வளவாக அடங்காது என்பதால் 40 என்றே வெச்சிருக்கோம். 200 பார் டேங்க் மலிவு, ஆனா முதல் தடவையே 200-ஐ எட்டாது. டேங்கை நிரப்பத் தூக்கிக்கிட்டு பெங்களூரு போய்வரும் செலவுதான் இடிக்குது.

கம்ப்ரஸர்னா ஈரம் பிரிக்கும் ஃபில்டரும் விலையில் சேரும். அது இல்லாட்டி மழைக்காலத்தில் தண்ணி சிலிண்டருக்குள்ளேயே போய் ரெகுலேட்டரை (அழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) கெடுக்கும். கை பம்பும் அப்படித்தான், கூடவே சூடேறி ஓரிங் (காற்று கசியாம அடைக்கும் ரப்பர் வளையம்) போயிடும்.

கம்ப்ரஸர் வெச்சிருப்பவங்க சொல்லுங்க: அதோட பிஸ்டன் சீலை (seal) எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்துறீங்க? ஓசூரிலேயே 300 பார் நிரப்புற இடம் உண்டா? ஆக்ஸிஜன் கடையை மட்டும் கைகாட்டாதீங்க, எண்ணெய்ப் பசை இருந்தா வெடிச்சிடும்.