கால் நின்றுவிட்டது, பந்து இன்னும் முதுகுக்குப் பின்னால்

வியாழன் லீக்:
கம்பெனி போலிங் லீக், கடைசி ஃபிரேம் (ஆட்டத்தின் கடைசி சுற்று). பந்தால் சாய்க்க வேண்டிய பத்துக் கட்டைகளில் மூலையில் பத்தாம் பின் மட்டும் நிற்கிறது, அதை எடுத்தால் ஜெயிக்கிறோம். நான் நாலு ஸ்டெப் ஆட்டக்காரன், நாலு அடி நடந்து கடைசி அடியில் சறுக்கிக்கொண்டே பந்தை விடுவேன். இடது கால் சறுக்கி, தாண்டக் கூடாத கோடான ஃபவுல் லைனுக்கு இரண்டு விரல்கடை முன்னால் நின்றுவிட்டது. அப்போதுதான் உறைத்தது, பந்து இன்னும் முதுகுக்குப் பின்னால் உச்சியில் இருக்கிறது. தோளைப் போட்டு இழுத்தேன். பந்து பத்தாம் பின்னுக்கு இடப்பக்கம் ஒரு கை அகலம் தள்ளிப் போய்விட்டது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்து லேனில் ஆடிய ஒரு சீன அங்கிள், அறுபது வயது தாண்டியிருக்கும், எழுந்து வந்து வெறுங்கையோடு நடந்து காட்டினார். முதல் காலை எடுத்து வைக்கும்போதே கையையும் முன்னால் நீட்டினார். "லெக் கோ, பால் கோ." அவ்வளவுதான். நான் ஷூ மாற்றிவிட்டுத் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டார். ஒரு நன்றி சொல்லவில்லையே என்பது இன்னும் உறுத்துகிறது.

ஐந்து ஸ்டெப் அண்ணன்:
தம்பி, அந்தப் பெரியவர் சொன்னது நாலு ஸ்டெப்புக்குச் சரி. ஆனால் இதைப் படிக்கிற ஐந்து ஸ்டெப் ஆட்கள் அப்படியே செய்தால் கெட்டது. நமக்கு முதல் ஸ்டெப் சும்மா, இரண்டாவதில்தான் பந்து கிளம்ப வேண்டும். எனக்கும் இப்படி நடந்தது. சிங்கப்பூரில் மவுண்ட் ஃபேபர் சாஃப்ரா கிளப்பில் நண்பன் எடுத்த வீடியோவில் பார்த்தேன்.

பந்து தாமதமானால் ஆளுக்கு ஆள் "வேகமாக வீசு" என்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். தளர்வாக விட்ட கை ஊஞ்சல் மாதிரி. அது போய்த் திரும்ப எடுக்கும் நேரம் பெரும்பாலும் கையின் நீளத்தைப் பொறுத்தது. பந்து பத்து பவுண்டா பதினைந்தா என்பதால் பெரிதாக மாறாது. கையை அவசரப்படுத்தினால் தோள் இறுகி, பந்து எங்கேயோ போகும். மாற்ற வேண்டியது கிளம்பும் நேரமும் கால் வேகமும்தான். பந்தைக் கொஞ்சம் தாழ்வாகப் பிடித்து ஆரம்பியுங்கள், முன்னால் நீட்டுவதையும் குறையுங்கள். நாலு ஸ்டெப் கணக்கில் (ஐந்து ஸ்டெப் ஆட்கள் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்) இரண்டாம் ஸ்டெப்பில் பந்து காலருகே இறங்கி, மூன்றாவதில் பின்னால் உச்சிக்குப் போய், நாலாவதில் சறுக்கும் காலோடு சேர்ந்து கீழே வர வேண்டும். பந்து முந்திக்கொண்டு வருகிறவர்களுக்கு இதற்கு நேர் எதிர்: உயரமாகப் பிடித்து, நன்றாக நீட்டுங்கள்.

பொங்கோல் அம்மா:
அண்ணா, எல்லாம் டைமிங் இல்லை. என் மகள் பள்ளிப் போட்டியில், கழிவறைக்குப் போய்வந்த ஷூவோடு ஏறினாள். அடியில் ஈரம். கடைசி ஸ்டெப்பில் சறுக்க வேண்டிய இடது கால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. முட்டி தரையில் இடித்த சத்தம் எனக்கு மேலே பார்வையாளர் இருக்கை வரை கேட்டது. எழுந்து நொண்டிக்கொண்டே, ஸ்கோரைத்தான் முதலில் பார்த்தாள். இப்போது பந்து சரியாகத்தான் வருகிறது, ஆனால் கோட்டருகே வந்ததும் காலைக் குறுக்கிக்கொள்கிறாள். அந்தப் பயத்தை எப்படி எடுப்பது?

ஐந்து ஸ்டெப் அண்ணன்:
ஈரம் விஷயத்தை நான் விட்டுவிட்டேன், சரிதான். ஷூவுக்கு மேல் மாட்டும் உறை விற்கிறார்கள், லேனை விட்டு இறங்கும்போதெல்லாம் போடச் சொல்லுங்கள். ஏறும் முன் ஃபவுல் லைனுக்குத் தள்ளி நின்று, இடது காலை ஒருமுறை தேய்த்துப் பார்க்கட்டும். பயத்துக்கு, கொஞ்ச நாள் பந்தில்லாமல் கடைசி ஸ்டெப்பை மட்டும் சறுக்கிப் பழகட்டும். சிங்கப்பூர் போலிங் வீரர் ரெமி ஓங் 2002இல் புசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் எடுத்தபோது தொலைக்காட்சியில் அந்தச் சறுக்கலைப் பார்த்துதான் நான் போலிங் பக்கமே வந்தேன். மகளுக்கும் பழைய வீடியோ இருந்தால் காட்டுங்கள்.

வியாழன் லீக்:
எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்கு வெறுங்கையோடு நடந்து பழகுகிறேன். பந்தைத் தாழ்வாகப் பிடித்து நேற்று ஆடினேன், பத்தாம் பின் ஏழு முறை நின்றது, ஐந்து முறை எடுத்தேன். அந்த அங்கிளை யாராவது பார்த்தால் சொல்லுங்கள். சிவப்புப் பந்து, இடது மணிக்கட்டில் வெள்ளைத் துண்டு சுற்றியிருப்பார்.