டிஎஸ்எல்ஆர் ஆன் ஆகிறது, ஆனால் படம் விழவில்லை

நிழல்படம்:
18-55 கிட் லென்ஸ் போட்ட டிஎஸ்எல்ஆர். மெனு வேலை செய்கிறது, பழைய படங்களும் தெரிகின்றன. படமெடுக்கும் பட்டனைப் பாதி அழுத்தினால் வ்யூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடத்தில்) பச்சைப் புள்ளி சில நேரம் மினுக்குகிறது, சில நேரம் நிலையாக நிற்கிறது. முழுதாக அழுத்தினால் எதுவுமே இல்லை; அபூர்வமாக ஒரு படம் விழும். எர்ரர் எதுவும் காட்டவில்லை. பேட்டரி ஃபுல், கார்டில் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்ற எண்ணும் சரியாக வருகிறது. செட்டிங்ஸ் ரீசெட் செய்தாயிற்று. ஷட்டர் (சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரை) போய்விட்டதா?

எஃப்எட்டு:
முதலில் லென்ஸின் பக்கவாட்டு சுவிட்சை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறை) தள்ளி, பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒன்-ஷாட் ஃபோகஸ் முறையில், ஃபோகஸ் பிடிபடாதவரை கேமரா படம் எடுக்காது. புள்ளி மினுக்கினால் "பிடிக்க முடியவில்லை" என்று பொருள், நிலையாக நின்றால் பிடித்துவிட்டது என்று பொருள். வெற்றுச் சுவர், இருட்டு, அல்லது பொருள் ரொம்பக் கிட்டே இருப்பது, இவைதான் வழக்கமான காரணம். இந்த வகை லென்ஸ்களுக்கு சுமார் 25 செ.மீ. இடைவெளியாவது வேண்டும்.

கண்ணாடிவில்லை:
லென்ஸைக் கழற்றி, பின்னால் உள்ள தங்க நிறக் காண்டாக்டுகளை ரப்பரால் அழித்துத் துடையுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

சாலிடர்:
ரப்பர் வேண்டவே வேண்டாம். அதன் தூள் உள்ளே விழுந்தால் சென்சார் வரை போகும், தங்க முலாமும் தேயும். கேமராவை ஆஃப் செய்து, நூல் பிரியாத உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். ஆனால் இங்கே சிக்கல் அது இல்லை என்று நினைக்கிறேன். லென்ஸ் தொடர்பு கெட்டால் கேனானில் எர்ரர் 01 வரும், கார்டு தகராறு என்றால் எர்ரர் 02. ஷட்டரே மாட்டிக்கொண்டாலும் பெரும்பாலும் ஏதாவது எர்ரர் காட்டிவிடும், இப்படி மௌனமாக இருக்காது.

கேள்வியில் ஒரு வரி முக்கியம்: புள்ளி நிலையாக நிற்கும்போதும் படம் விழவில்லை. அதாவது, கேமரா மறுக்கவில்லை; "எடு" என்ற கட்டளையே அதற்குப் போகவில்லை. பட்டனுக்கு அடியில் இரண்டு நிலைகள் உண்டு: பாதி அழுத்தத்துக்கு ஒன்று, முழு அழுத்தத்துக்கு ஒன்று. இரண்டாவது அழுக்கடைந்தாலோ தேய்ந்தாலோ இதே அறிகுறிதான். எம்எஃப்-இல் பார்த்த பிறகு, பட்டனைத் தொடாமல் ஒயர் ரிமோட்டில் எடுத்துப் பாருங்கள். தொடுதிரை இருந்தால் லைவ் வ்யூவில் (பின்திரையில் காட்சியைப் பார்க்கும் முறை) திரையைத் தொட்டு எடுக்கும் டச் ஷட்டரும் போதும்.

நிழல்படம்:
எம்எஃப்-இலும் அதே கதை. ஒயர் ரிமோட்டில் ஒவ்வொரு தடவையும் தவறாமல் விழுகிறது.

சாலிடர்:
அப்படியானால் ஷட்டர், கார்டு, லென்ஸ் மூன்றும் நலம். பட்டன்தான் குற்றவாளி.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கில் ஒரு துளி இறங்கவிடுங்கள். ஐம்பது அறுபது தடவை பட்டனை முழுதாக அழுத்தி அழுத்தி விட்டு, சில மணி நேரம் காயவிட்டுப் பேட்டரியைப் போடுங்கள். அழுக்குதான் காரணம் என்றால் சரியாகிவிடும். கொஞ்ச நாளில் திரும்ப வந்தால் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது, பட்டன் பாகத்தையே மாற்ற வேண்டும். காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை நேராக அடிக்காதீர்கள், வ்யூஃபைண்டருக்குள் கசிந்து, காட்சி விழும் ஃபோகஸிங் ஸ்கிரீனைக் கெடுக்கும்.

எஃப்எட்டு:
மேல்மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வரும், திறக்காதீர்கள். உள்ளே ஃபிளாஷ் கப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும். பேட்டரியைக் கழற்றினாலும் உடனே இறங்காது. பழுதுபார்ப்பவரிடம் "படம் எடுக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் ஷட்டரையே மாற்றச் சொல்லலாம். "ரிமோட்டில் விழுகிறது, பட்டனில் விழவில்லை" என்று சொல்லிக் கொடுங்கள். அதுவரை ரிமோட்டிலேயே எடுக்கலாம், கேமராவுக்கு ஒன்றும் ஆகாது.