பள்ளிக்கரணை, கோடியக்கரை, வால்பாறை எல்லாத்துக்கும் ஒரே பைனாகுலர்: 8×42ஆ 10×42ஆ?

சதுப்புநிலத்தான்:
ரெண்டு வருஷமா கடன் வாங்குன பைனாகுலர்லயே பறவை பாத்துட்டு இருக்கேன், இனிமே சொந்தமா ஒண்ணு வாங்கியே ஆகணும். பட்ஜெட் 20,000 வரைக்கும். வயசு 46, கண்ணாடி போடுறேன், மைனஸ் 4, கூடவே சிலிண்டர் பவரும் இருக்கு, அதனால கண்ணாடிய கழட்டிட்டு பாக்குறது எனக்கு செட் ஆகாது. வாரா வாரம் பள்ளிக்கரணை, சீசன்ல வேடந்தாங்கல், வருஷத்துக்கு ஒரு தடவ கோடியக்கரை, ஒரு தடவ வால்பாறை. கடைல கேட்டா 10×42 (10 மடங்கு பெருசாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) தான் சார் கிட்டக்க தெரியும்னு அடிச்சு சொல்றாங்க, கூட வர்ற நண்பர் 8×42 தவிர வேற எதையும் கைல எடுக்காதன்றார். யூஸ் பண்ணவங்க சொல்லுங்க. போன தடவ ஆன்லைன்ல பேர் தெரியாத கம்பெனி 20×50 ஒண்ணு வாங்கி ஏமாந்தாச்சு, அதுல பாத்தா அஞ்சு நிமிஷத்துல தலைவலி வந்துருது.

சோலைமந்தி:
8×42 அண்ணா, யோசிக்கவே வேண்டாம். கடை வாசல்ல நின்னு எதுத்தாப்ல இருக்கற போர்ட பாத்தா 10 தான் நல்லா இருக்கும், போர்டு அங்கயே நிக்குதுல்லங்க. வால்பாறை சோலைக்குள்ள ஒரு குருவி ஒரு கிளைல மூணு செகண்டு கூட உக்காராது, நீங்க கண்ணுல வெச்சு எங்கன்னு தேடறதுக்குள்ள போயிருக்கும். அங்க வேணுங்கறது ஒரே பார்வைல தெரியற இடத்தோட அகலம். நிக்கான் மோனார்க் எம்5 எடுத்துக்கோங்க, 8×42ல 6.4 டிகிரி, 10×42ல 5.6 டிகிரி, ஆயிரம் மீட்டர் தூரத்துல அது 112 மீட்டர் இது 98 மீட்டர். எழுத்துல பாத்தா சின்ன வித்தியாசமாட்ட தான் இருக்கும், இலைக்கு நடுவுல தேடும்போது தாங்க அந்த 14 மீட்டரோட அருமை தெரியும்.

அப்பறம் வெளிச்சம். 42ஐ 8ஆல வகுத்தா 5.25, 10ஆல வகுத்தா 4.2. அத்தன மி.மீ. அகலத்துக்கு தான் வெளிச்சம் கண்ணுக்குள்ள வரும். நல்ல வெயில்ல நம்ம கண்மணி ரெண்டு மூணு மி.மீ. தான் திறந்திருக்கும், அப்ப ரெண்டும் ஒண்ணு தான். ஆனா காலைல ஆறரைக்கு மர நிழல்ல தரைல மரகதப்புறா மேயும் பாருங்க, அந்த ரெக்கைப் பச்சை 8ல பச்சையா தெரிஞ்சுது, 10ல கருப்படிச்சு தான் தெரிஞ்சுது எனக்கு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ரெண்டையும் மாத்தி மாத்தி பாத்துட்டு தான் சொல்றேன்.

உப்பளத்துக்காரன்:
சோலைமந்தி காட்ட வச்சே பேசுறாரு. கேட்டவர் நாலு இடம் சொல்லியிருக்காரு, அதுல மூணு தண்ணி. கோடியக்கரை பக்கம் உப்பளத்துல பறவை 100, 150 மீட்டர் தள்ளி சேத்துல நிக்கும், அதுக்கு மேல நம்ம இறங்கிப் போக முடியாது. பவளக்காலியா பச்சைக்காலியா? கால் நிறத்தப் பாத்தாத் தான பேரையே சொல்ல முடியும். கொசு உள்ளான் கூட்டத்துக்குள்ள வேற எதாச்சும் ஒண்ணு கலந்து நிக்குதான்னா அலகு நீளத்தப் பாக்கணும். 8ல பாத்துட்டு ஏதோ உள்ளான்னு நோட்டுல எழுதிட்டுப் போனவங்களோட எத்தனையோ தடவ நின்னிருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும், அவ்ளோ தூரம் பஸ் புடிச்சு வந்துட்டு பேரு தெரியாமப் போறாங்களேன்னு. நான் பன்னெண்டு வருஷமா 10×42 தான். கை ஆடும்னு எல்லாரும் பயமுறுத்துவாங்க. ரெண்டு முழங்கையையும் விலாவோட ஒட்டி வச்சு, தொப்பி விளிம்ப பைனாகுலரோட சேத்து ரெண்டு விரலால அமுக்கிப் புடிங்க, ஆட்டம் பாதி நின்னுரும். வரப்புல உக்காந்து முழங்கைய முட்டில ஊணிட்டா மீதியும் நின்னுரும்.

சோலைமந்தி:
கோடியக்கரைக்கு நானும் வந்திருக்கேனுங்க. பத்து மணிக்கு மேல உப்பளத்துல கானல் கிளம்பிருமே, அப்ப 10 என்ன பண்ணும், கானலையும் சேத்து தான் பெருசாக்கும், பூநாரைக் காலெல்லாம் நெளிஞ்சுட்டே இருக்கும். கை ஆட்டமும் அதே மாதிரி தான், பறவை எத்தன மடங்கு பெருசாகுதோ ஆட்டமும் அத்தன மடங்கு. 150 மீட்டர்ல உள்ளானப் பிரிச்சுப் பாக்கணும்னா அது ஸ்பாட்டிங் ஸ்கோப் வேலைங்க, ஸ்டாண்டுல வெச்சு 20லருந்து 60 மடங்கு வரைக்கும் போலாம். 8லருந்து 10க்குப் போனதால அந்த வேலை முடிஞ்சிராது.

உப்பளத்துக்காரன்:
ஸ்கோப்பு ஸ்டாண்டுன்னு போனா 20,000க்குள்ள எப்படி? கைல இருக்கப் போறது ஒண்ணே ஒண்ணு, அத வச்சு எவ்ளோ பாக்கலாம்ங்கறது தான் கேள்வி. கானல் வர்றதுக்கு முன்னாடி ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் முழுசா மூணு மணி நேரம் இருக்கு, நம்ம போறதே அந்த நேரத்துல தான்.

அல்பேர்ட்டாத் தம்பி:
நான் யாழ்ப்பாணம், இப்ப கனடால அல்பேர்ட்டாவில இருக்கிறன். இஞ்ச லைசன்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போறனான், அந்த அனுபவத்தில சொல்லுறன். சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் முன்னுக்கிருந்து பட்டு அரை மணித்தியாலம் வரைக்கும் தான் இஞ்ச சட்டப்படி வேட்டை நேரம், மான் வெளியில வாறதும் அந்த மம்மல் பொழுதில தான். வெட்டவெளியில ஒரு மேட்டில இருந்து கொண்டு மணிக்கணக்காப் பாக்கோணும், எனக்குத் தெரிஞ்ச கனபேர் 10×42 தான் வைச்சிருக்கினம். சோலைமந்தி சொன்ன 5.25, 4.2 மட்டும் கணக்கில்லை. மடங்கையும் முன் லென்ஸ் அளவையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறது ஒண்டு இருக்கு, ட்வைலைட் ஃபாக்டர் எண்டு சொல்லுவினம், 8×42க்கு 18.3, 10×42க்கு 20.5. மங்கின வெளிச்சத்தில தூரத்தில நிக்கிற மானுக்குக் கொம்பு இருக்கோ இல்லையோ எண்டு பாக்க 10 தான் எனக்கு உதவினது.

இன்னொண்டும் சொல்லோணும். துவக்கில பூட்டியிருக்கிற ஸ்கோப்பால சும்மா பாக்கவே கூடாது, நீங்கள் பாக்கிற பத்தைக்குப் பின்னால ஒரு மனுசன் நிண்டா துவக்கு அவனைத் தான் குறி வைச்சு நிக்கும். அதுக்காகவே வேட்டைக்குப் போறவனுக்கு பைனாகுலர் கட்டாயம்.

மழைக்காடு:
தம்பி, நீங்க இருக்குற நாட்டுல அனுமதி இருக்கு, சரி. இங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அட்டவணைல இருக்குற விலங்கு எதையும் வேட்டையாடுறது குற்றம், நம்ம ஊர்ல பைனாகுலர் பாக்குறதுக்கு மட்டும் தான், படிக்கிற சின்னப் பசங்களுக்கு அது தெளிவா இருக்கணும்னு தான் சொல்றேன்.

உங்க ட்வைலைட் கணக்குல எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு. அதுல லென்ஸோட தரமே வரல. கேட்டவர் ஏமாந்தாரே அந்த 20×50, அதுக்கு கணக்குப் போட்டா 31.6 வரும், உங்க 10×42 விட எவ்வளவோ ஜாஸ்தி! ஆனா மங்கல்ல அதுல என்ன தெரியும்? 50ஐ 20ஆல வகுத்தா 2.5 மி.மீ. வெளிச்சம் தான் வருது. கோட்டிங் (வெளிச்சம் திரும்பிப் போகாம இருக்க லென்ஸ் மேல போடுற பூச்சு) இல்லாத கண்ணாடினா ஒவ்வொரு பரப்புலயும் சுமார் 4 சதவீதம் வெளிச்சம் திரும்பிப் போயிரும், பத்து பரப்பு தாண்டுனா மூணுல ஒரு பங்கு காலி. அதனால மடங்க விட முதல்ல பாக்க வேண்டியது, பெட்டில ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’னு, அதாவது எல்லாப் பரப்புலயும் பல அடுக்கு பூச்சுனு, போட்டிருக்கானாங்கறது. வெறும் ‘கோட்டட்’னு மட்டும் இருந்தா வெச்சுட்டு வந்துருங்க. முன் லென்ஸ் செக்கச்செவேல்னு மின்னுச்சுனாலும் வேண்டாம், சிவப்ப திருப்பி அனுப்பிட்டு மிச்சத்த உள்ள விடுது, பாக்குறது எல்லாம் பச்சையடிக்கும்.

அல்பேர்ட்டாத் தம்பி:
கோட்டிங் விசயம் நீங்கள் சொன்னது சரி, நான் நல்ல கண்ணாடி ரெண்டை வைச்சு ஒப்பிட்டுத் தான் சொன்னனான். அங்கத்தைச் சட்டமும் தெரியும், ஊருக்கு வந்தா நானும் பறவை தான் பாப்பன்.

பழைய போரோ:
எல்லாரும் ரூஃப் ப்ரிஸத்துலயே (குழாய் நேரா இருக்குற ரகம்) நிக்கிறீங்க. போரோ ரகத்துல (முன் லென்ஸ் ரெண்டும் விலகி, குழாய் வளைஞ்சு இருக்கும்) ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ் 1 யாருமே சொல்லலையே! 8.2 டிகிரி, ஆயிரம் மீட்டருக்கு 143 மீட்டர் அகலம், விலையும் உங்க பட்ஜெட்ட விட கம்மி தான். ரூஃப் ப்ரிஸத்துக்கு ஃபேஸ் கோட்டிங் போட்டாத்தான் கூர்மை வரும், அந்த வேலைக்கு தான் காசு போகுது, போரோவுக்கு அது தேவையே இல்ல. அதே காசுக்கு போரோல தெரியுற தெளிவு ரூஃப்ல வராதுங்கறத நான் எங்க வேணாலும் சொல்வேன்.

மழைக்காடு:
தெளிவு பத்தி சொன்னது உண்மை, அந்த மாடல நானும் வெச்சிருந்தேன், ரொம்பப் பிடிக்கும். ஆனா கேட்டவர் கண்ணாடி போடுறவர், அதுல ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரிய கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவுல விடலாம்ங்கற தூரம்) 12 மி.மீ. தான், கண்ணாடி போட்டுட்டு பாத்தா அந்த 143 மீட்டர்ல ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு நடுவுல மட்டும் தான் தெரியும். குறைஞ்சது 15, 16 இருக்கணும். இன்னொண்ணு, அது வாட்டர்ப்ரூஃப் கிடையாது. ரெண்டு மழைக்காலம் வால்பாறை மூட்டத்துல கழுத்துல தொங்குச்சு, மூணாவது வருஷம் எடுத்து வெளிச்சத்துல பாக்குறேன், லென்ஸுக்கு உள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடியிருக்கு. வெளிய எவ்ளோ துடைச்சும் என்ன பண்றது. அன்னிக்கு அழுகையே வந்துருச்சு. நைட்ரஜன் அடைச்சு சீல் பண்ணதா மட்டும் பாத்து வாங்குங்க.

சதுப்புநிலத்தான்:
எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கரணைல ரெண்டு பேர்ட்ட 8×42, 10×42 ரெண்டும் வாங்கி ஒரு மணி நேரம் பாத்தேன். முதல்ல ரெண்டையும் கை நீட்டி தூரமா பிடிச்சு வானத்துப் பக்கம் காட்டுனேன், கண்ணு வெக்கிற பக்கம் ரெண்டு வெளிச்ச வட்டம் தெரிஞ்சுது, ஓரம் வெட்டுப்படாம முழு வட்டமா இருந்தா நல்ல ப்ரிஸம்னு நண்பர் சொன்னார். ரெண்டுமே முழு வட்டம், 8ல இருந்தது கொஞ்சம் பெருசு. என் பழைய 20×50ல அதே மாதிரி பாத்தா சின்னப் புள்ளி, ஓரம் சாம்பல் நிறத்துல சதுரமா இருக்கு.

நீலத்தாழைக்கோழி ரெண்டுலயும் அருமை. தூரத்துல நாணலோரமா நின்ன ஒண்ணு பவளக்காலினு 10ல உடனே சொல்லிட்டேன், 8ல ரெண்டு நிமிஷம் ஆச்சு, உப்பளத்துக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. ஆனா ஐகப்ப (கண்ணு வெக்கிற பக்கத்து வளையம்) உள்ள திருகி, கண்ணாடியோட பாக்கும்போது 10ல தலை லேசா நகர்ந்தா கூட ஓரத்துல கருப்பு நிழல் வந்து வந்து போச்சு. 8ல வரல, ஒரு மணி நேரம் பாத்தும் கண்ணு வலிக்கல. அதனால 8×42 தான், கடைல இந்த சனிக்கிழமை வாங்கப் போறேன்.

உப்பளத்துக்காரன்:
கண்ணாடிக்காக 8 எடுக்குறீங்கன்னா ஒத்துக்குறேன். 10 எல்லாருக்கும் ஆடும்ங்கறத மட்டும் இன்னைக்கும் ஒத்துக்க மாட்டேன். கருப்பு நிழல் வந்தது அந்த மாடலோட ஐ ரிலீஃப் கம்மியா இருந்ததாலயும் இருக்கலாம், சனிக்கிழமை கடைல அதிகமா இருக்குற 10×42 ஒண்ண ஒரு தடவ கண்ணுல வச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

எத எடுத்தாலும் கடைலயே டயாப்டர் (ரெண்டு கண்ணோட பவர் வித்தியாசத்த சரி பண்ற வளையம்) செட் பண்ணிருங்க. வலது பக்க லென்ஸ மூடி இடது கண்ணால தூரத்துல ஒரு எழுத்தப் பாத்து நடு வீல்ல ஃபோகஸ், அப்புறம் இடத மூடி வலது கண்ணுக்கு அந்தப் பக்கத்து வளையத்த மட்டும் திருப்பணும், நடு வீலத் தொடக்கூடாது. வளையம் எந்தக் கோட்டுல நிக்குதுன்னு மனசுல வச்சுக்கங்க. கோடியக்கரை வந்துட்டுப் போனா உப்புக்காத்து படிஞ்சிருக்கும், துணியால தேய்க்காம முதல்ல ஊதித் தட்டி விட்டுட்டு, நல்ல தண்ணில நனைச்ச துணியால மேல ஒத்தி எடுங்க. ஜனவரில வாங்க, என் 10ஐயும் உங்க 8ஐயும் ஒரே வரப்புல உக்காந்து பாப்போம்.