பிளாட்டினம் டிக்கெட்டில் யூடியூப் பாட்டு: கச்சேரி சொதப்பினால் யார் சட்டையைப் பிடிப்பது?

கடைசிவரிசை:
போன மாதம் கோவையில் ஒரு திறந்தவெளிக் கச்சேரிக்குப் போயிருந்தேன். பாடியவர் பெயர் வேண்டாம், சொன்னால் அவருடைய ரசிகர்கள் என் பாட்டனார் வரைக்கும் இழுப்பார்கள். பிளாட்டினம் பிரிவு, தலைக்கு 3,500, நான், மனைவி, மகள் என்று மூன்று பேர், புக்கிங் கட்டணம் தனி. ஆறு மணி என்று போட்டுவிட்டு ஏழே கால் வரைக்கும் இரண்டு தொகுப்பாளர்கள் "கோயம்புத்தூர், சத்தம் பத்தல!" என்று எங்களைத்தான் கத்த வைத்தார்கள், நடுநடுவே ஸ்பான்சர் நகைக்கடை விளம்பரம். அப்புறம் அவர் வந்தார். இரண்டாவது பாட்டில் மைக்கை இடுப்புக்கு இறக்கிக் கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கிறார், குரல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்பது வயது மகள் கேட்டாள்: "அப்பா, அங்கிள் வாயை மூடிட்டாரு, பாட்டு எப்படி வருது?" எனக்குப் பதில் இல்லை.

டிக்கெட்டில் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பது அவர் பெயர். அந்தப் பெயருக்காகத்தான் பணம் கொடுத்தேன். அப்படியென்றால் பொறுப்பும் அவருடையதுதானே? ஏற்பாட்டாளர் தப்பு, சவுண்டுக்காரர் தப்பு என்று எத்தனை நாளைக்குப் பூசி மெழுகுவது?

மிக்சர்மாமா:
சவுண்டுக்காரன் ஆஜர். 20 வருடமாக மேடைக்கு எதிரே இருக்கும் அந்தக் கூடாரத்தில்தான் குப்பை கொட்டுகிறேன், என் பெயரில் இருக்கும் மிக்சர் ஒலியைக் கலக்கும் மெஷின், தட்டில் வைப்பது இல்லை.

தம்பி, கோபம் நியாயம். ஆனால் முன்கூட்டியே பதிவு செய்த டிராக் ஓடினாலே மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். படத்தில் நீங்கள் கேட்கும் பாட்டில் நாற்பது வயலின், பின்னணிக் குரல்கள், ஒரே பாடகர் நாலைந்து அடுக்காகப் பாடியது எல்லாம் இருக்கும். மேடையில் இருப்பதோ பதினைந்து பேர். மீதி டிராக்கில்தான் வரும், வராவிட்டால் "படத்துல கேட்ட மாதிரி இல்லையே" என்று நீங்களே சொல்வீர்கள். தாளம் பிசகாமல் இருக்க டிரம்மர் காதில் டிக் டிக் என்று கிளிக் ஓடும், அதே கிளிக்கோடு திரையில் ஓடும் படம், லைட், புகை எல்லாவற்றையும் கட்டிவைத்திருப்பார்கள். ஒரு அடி பிசகினால் மொத்தமும் கவிழும். "ஒன்ஸ் மோர்" கேட்டால் இப்போதெல்லாம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசிவரிசை:
வயலின் டிராக்கில் வரட்டும் சார், கோரஸ் வரட்டும். நான் சொல்வது மெயின் குரல். மைனஸ் ஒன் என்றால் பாடகரின் குரலைக் கழித்துவிட்டு மீதியை ஓடவிடுவது என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே கழிக்கவே இல்லை. அதற்கு என்ன பெயர்?

மிக்சர்மாமா:
அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

சரி, அந்த ஒரு விஷயத்தில் உங்கள் கட்சி. ஆடிக்கொண்டே பாடுகிறவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் அடியில் மெல்லிசாகக் குரல் வைப்பது உலகம் முழுக்க உண்டு. முழுப் பாட்டும் வைப்பது தப்பு, மறுக்கவில்லை.

பழையகேசட்:
மதுரைப் பக்கம் நாங்கள் வளர்ந்தது திருவிழா மெல்லிசைக் குழுவைக் கேட்டு. இரண்டு கீபோர்டு, தபேலா, டிரிபிள் காங்கோ, ஒரு புல்லாங்குழல். ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து விடிய விடிய ஓடும். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் கட்டிய தொண்டையோடு பாடுவார், கீழே மணலில் துண்டு விரித்துப் படுத்திருக்கிற எங்களுக்கு அதுவும் பிடிக்கும். டிக்கெட்டே கிடையாது.

இளையராஜா மேடையைப் பாருங்கள். வாத்தியத்தில் பிசகு வந்தால் பாட்டையே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். கூட்டம் கை தட்டும். ஏன்? தப்பு நடக்க வாய்ப்பு இருக்கிற இடத்தில்தான் உயிரோடு ஒருவன் வாசிக்கிறான் என்று அர்த்தம். 2017இல் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் ஜஸ்டின் பீபர் வந்தபோது டிக்கெட் 75 ஆயிரம் ரூபாய் வரை போனது, பெரும்பாலும் வாயசைத்துவிட்டுப் போனார் என்று மறுநாள் முழுக்கத் திட்டு விழுந்தது. 75 ஆயிரத்துக்கு எங்கள் ஊரில் இரண்டு திருவிழா நடத்தலாம்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. ஏமாற்றம் சில சமயம் மேடையில் இல்லை, கேட்கப் போகிறவன் மண்டையில் இருக்கிறது. 2017 ஜூலையில் இங்கே லண்டன் வெம்ப்ளியில் ரஹ்மான் கச்சேரி, தலைப்பே "நேற்று இன்று நாளை" என்று தமிழில் இருந்தது. தமிழ்ப் பாட்டு அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். பாட்டுப் பட்டியலை எண்ணிப் பார்த்தவர்கள் இந்திதான் அதிகம் என்று காட்டினார்கள்! இதற்கு ரஹ்மான் பொறுப்பா?

இந்த நாட்டிலேயே பழைய கதை ஒன்று: 1966 மே மாதம் மான்செஸ்டரில், நாட்டுப்புறப் பாடகராகப் பெயரெடுத்த பாப் டிலன் எலெக்ட்ரிக் கிட்டாரோடு வாசித்ததற்குக் கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். நாட்டுப்புறப் பாட்டுக்குத் துரோகம் செய்துவிட்டாராம். அதே கச்சேரியின் ஒலிப்பதிவு 1998இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தபோது தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அந்தாளுக்கு அன்றைக்குப் பணம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமா, சொல்லுங்கள்.

கடைசிவரிசை:
டிலன் வாசித்தார் நண்பரே! பிடிக்காததை வாசித்தார், ஆனால் அவரே வாசித்தார். என் ஆள் அதைக்கூடச் செய்யவில்லை. ருசி பிடிக்கவில்லை என்பதும் இலையில் சோறே வைக்கவில்லை என்பதும் ஒன்றா?

ஈசிஆர்பக்கம்:
எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். சென்னை பனையூர். ரஹ்மானின் "மறக்குமா நெஞ்சம்" கச்சேரி. 2023 ஆகஸ்ட் 12 மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10இல் நடந்தது. கையில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் உள்ளே போக முடியவில்லை, நெரிசலில் குழந்தைகள் அழுதன, பெண்கள் சிலர் கூட்டத்தில் தங்களுக்கு நடந்ததை எழுதினார்கள், சாலை நெரிசலில் முதல்வர் வாகனமே மாட்டியது. ஏற்பாட்டு நிறுவனம் பொறுப்பேற்றது. ஆனாலும் அடுத்த நாளே ரஹ்மான், உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று கேட்டார், இந்த முறை நானே பலியாடாக இருந்துவிட்டுப் போகிறேன் என்ற பொருளிலும் எழுதினார், பணமும் திருப்பித் தரப்பட்டது. உலகப் புகழ் பெற்றவரே தலையைக் கொடுக்கும்போது கோவையில் பாடியவருக்கு என்ன கேடு? கடைசிவரிசை சொல்வதுதான் சரி.

மிக்சர்மாமா:
அது அவருடைய பெருந்தன்மை, சட்டம் இல்லை. மேடையில் இருப்பவருக்கு வாசல் தெரியாது. காதில் இன்-இயர் செருகியிருப்பார், அதில் கிளிக்கும் அவர் குரலும்தான் ஓடும், வெளியே ஊரே பற்றி எரிந்தாலும் கேட்காது. முகத்தில் லைட். இடத்தின் கொள்ளளவுக்கு மேல் டிக்கெட் போகிறதா, எத்தனை வாசல், வண்டி எங்கே நிற்கும் என்பதெல்லாம் ஏற்பாட்டாளரும் போலீசும் உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை. பாடகரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் உண்மையாகச் சம்பாதித்தவன் நழுவிவிடுவான்.

முற்றவெளியான்:
யாழ்ப்பாணத்திலையிருந்து எழுதுறன். 2024 பெப்ரவரி 9 எங்கட முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சி. சனம் அள்ளுகொள்ளையாய் வந்தது, வராமல் என்ன செய்யும், இப்படிப் பெரிய நிகழ்ச்சி இங்கே எத்தனை தடவை நடந்திருக்கு? காசு குடுத்து ரிக்கெட் எடுத்தவையின்ர பக்கத்துக்குள்ள தடுப்பை உடைச்சுக்கொண்டு கூட்டம் வந்து, நிகழ்ச்சி இடையில நிண்டு, ஊர்ப் பெயர்தான் நாறினது. ஹரிஹரன் நல்லாத்தான் பாடினார். மிக்சர்மாமா அண்ணை சொல்லுறதோட எனக்கு உடன்பாடு, பாட வந்த மனிசனைப் பிடிச்சு என்ன பிரயோசனம்? ஆனா ஒண்டு, ஒழுங்குபடுத்துறவைக்கு இந்தக் கூட்டம் வரும் எண்டு தெரியாதெண்டு சொன்னா நான் நம்பமாட்டன்.

கடைசிவரிசை:
சகோ, கூட்டம், வாசல், பார்க்கிங், அதெல்லாம் ஏற்பாட்டாளர் கணக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். தாமதமாக வருவது? நியூயார்க் புரூக்ளினில் மடோனா 2023 டிசம்பரில் எட்டரை மணிக் கச்சேரியைப் பத்தரைக்கு மேல் ஆரம்பித்தார் என்று இரண்டு ரசிகர்கள் வழக்கே போட்டார்கள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டாமா என்பதுதான் புகார். அடுத்த வருடம் அவர்களே வாபஸ் வாங்கிக்கொண்டார்கள், அது வேறு. இங்கே யாராவது அப்படிக் கேட்டிருக்கிறோமா? பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது, 2023இல் புனேயில் ரஹ்மான் மேடைக்கே போலீஸ் ஏறி நிறுத்தியது எல்லாருக்கும் தெரியும். அப்படியானால் நீ ஏழே காலுக்கு ஆரம்பித்தால் வெட்டுப்படுவது என் பாட்டு.

மழைக்குருவி:
நான் ஒன்று சொன்னால் எல்லாரும் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. 2011 ஜூன் 18, பெல்கிரேடு. பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் மேடையில் நிற்க முடியாமல் தடுமாறுகிறார், வரிகள் மறந்துபோகின்றன, கூட்டம் ஊளையிடுகிறது. அந்த வீடியோவைப் போட்டு எத்தனை பேர் சிரித்தார்கள். மிச்சமிருந்த பயணம் ரத்து. ஜூலை 23 அன்று அவர் இல்லை, வயது 27. அவர்களும் பணம் கொடுத்து வந்தவர்கள்தான், அவர்கள் ஏமாற்றமும் உண்மைதான். ஆனால் அந்த நிலையில் அவரை மேடைக்கு அனுப்பியது யார் என்று அன்றைக்கு யாரும் கத்தவில்லை. "பெயர் போட்டிருக்கிறது, பதில் சொல்" என்பதை நான் அதற்கப்புறம் சுலபமாகச் சொல்வதில்லை.

கடைசிவரிசை:
அக்கா, இதற்கு என்னால் சண்டை போட முடியாது. என் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை மைக்கில் சொல்லியிருந்தால் நாங்களே பாடி முடித்திருப்போம். ஜம்மென்று குதித்தார், வாயைத் திறக்கத்தான் கஷ்டம்.

பழையகேசட்:
டிராக்கை நம்பினால் அது ஒரு நாள் காலை வாரும். 1989இல் அமெரிக்காவில் மில்லி வனிலி என்ற பாப் ஜோடியின் கச்சேரி நடுவில் டிராக் சிக்கி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, அதில் ஒருவர் மேடையை விட்டே ஓடினார். அடுத்த வருடம், ஆல்பத்தில் பாடியதே அவர்கள் இல்லை என்று தெரிந்ததும் கிராமி விருதைப் பிடுங்கிவிட்டார்கள்.

நம்ம மார்கழியில் இந்த வம்பே இல்லை என்று சொல்லலாம், அங்கே வேறு வம்பு. பாடகர் பாதிக் கச்சேரி சவுண்டுக்காரருக்கு விரலை மேலே காட்டிக்கொண்டிருப்பார், மிருதங்கக்காரர் தனக்கும் கூட்டச் சொல்வார், தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சபாவில் பாதி கேண்டீனில் இருக்கும்.

ஈசிஆர்பக்கம்:
மிக்சர்மாமா, ஒரு சந்தேகம். பின்னாடி நிற்பவர்களுக்கு ஏன் எப்போதுமே குழம்பிப்போன மாதிரி கேட்கிறது? திரையில் வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வருகிறது. கடைசிவரிசை பார்த்தது அப்படி ஏதாவது இருக்குமோ?

மிக்சர்மாமா:
நல்ல கேள்வி. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதம், திரையோ உடனே காட்டிவிடும். இதைச் சரிக்கட்ட மைதானத்தின் நடுவில் இன்னொரு வரிசை ஸ்பீக்கர் கோபுரம் நிறுத்தி, அதற்குப் போகும் ஒலியை அதே அளவு தாமதப்படுத்துவோம், டிலே டவர் என்போம். அப்போதுதான் முன்னாலிருந்து வருவதும் அங்கிருந்து வருவதும் ஒன்றாகச் சேரும். கொட்டேஷனில் முதலில் வெட்டு விழுவது அந்தக் கோபுரத்துக்குத்தான், ஏனென்றால் விளம்பரத்தில் அது தெரியாது, மேடை எல்இடி திரை தெரியும். கோபுரம் இல்லையென்றால் முன் ஸ்பீக்கரை ஏற்றுவோம், முன்வரிசைக்குக் காது கிழியும், பின்னால் கஞ்சி. காற்று திசை மாறினால் அந்தக் கஞ்சியும் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும்.

ஆனால் கடைசிவரிசை பார்த்தது இது இல்லை. 0.3 நொடியில் ஒரு மனிதன் மைக்கை இடுப்புக்கு இறக்கிக் கையசைத்து முடிக்க முடியாது. பிளாட்டினம் மேடைக்கு அவ்வளவு தூரமும் இருக்காது.

கடைசிவரிசை:
நன்றி சார், ஒரு வழியாக ஒத்துக்கொண்டீர்கள். பதிலுக்கு நானும் கொஞ்சம் இறங்குகிறேன்: வாசலும் வண்டியும் டவரும் ஏற்பாட்டாளர், குரல் பாடகர். இரண்டு பேர் சட்டையும் வேண்டும்.

மிக்சர்மாமா:
பிடித்துக்கொள்ளுங்கள், என் சட்டையை மட்டும் விடுங்கள். இலவசமாக ஒன்று சொல்கிறேன், அடுத்த முறை போனால் முன்னால் போய் முட்டாதீர்கள். மேடையின் இரண்டு பக்க ஸ்பீக்கரும் சமமாகச் சேரும் இடம் நடுவில் எங்கள் கூடாரம். அதைக் கேட்டுத்தான் நான் மிக்ஸ் செய்கிறேன். எனக்குப் பின்னால் பத்தடியில் நிற்பவனுக்குக் கிடைப்பது வேறு யாருக்கும் கிடைக்காது.

கடைசிவரிசை:
அந்த இடம் எந்தப் பிரிவில் வரும் சார்?

மிக்சர்மாமா:
பெரும்பாலும் சில்வர். 800 ரூபாய் இருக்கும்.

கடைசிவரிசை:
இதை என் மனைவியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.